வெள்ளைக்கூடு வந்த வழி

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில், ஏலத்துக்காகப் பரப்பி வைத்திருக்கும் கூடுகளில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலின் முன்பாதி அளவுதான் இருக்கும். பால் வெள்ளை. அழுத்தினால் சட்டென்று அமுங்காது. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கூட்டுப்புழு தட்டுப்படும் சத்தம் கேட்கும். அனுபவமுள்ள நூற்பாளர் அந்தச் சத்தத்திலேயே சரக்கின் தரத்தை ஓரளவு கணித்துவிடுவார். கிலோவுக்கு ஐந்நூறு, அறுநூறு கூடுகள் நிற்கும். ஒவ்வொரு கூடும் ஒரே இழையால் ஆனது. அறாமல் பிரித்தெடுத்தால் ஆயிரம் மீட்டரைத் தாண்டும்.

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கத்துத் தோட்டங்களில் விளைந்து வரும் இந்தக் கூட்டுக்குப் பூர்வீகம் இந்த மண் இல்லை. முந்தைய தலைமுறை இங்கே அறிந்ததெல்லாம் மஞ்சள் கூடு. வெள்ளைக்கூட்டின் முன்னோர்கள் ஜப்பானிலிருந்து வந்தவர்கள்.

ஜப்பான் என்றதும் தருமபுரிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம். புளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டுப்போன தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம் அது. 2008-இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தத் தண்ணீரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், பேசவும் வேண்டும். அதற்கு முன்பே ஜப்பானிலிருந்து தருமபுரிக்கு வந்து சேர்ந்த கூட்டைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

ஒரு பொருளின் மூலத்தைத் தேடிப் போனால் வழக்கமாக ஏதாவது ஓர் ஊரில் போய் நிற்போம். இந்தக் கூட்டைத் தேடிப் போகிறவன் ஊரோடு சேர்த்து ஒரு வருஷத்திலும் போய் நிற்கிறான். அது 1872, ஜப்பானியக் கணக்கில் மெய்ஜி 5.

அந்த வருஷத்துக்கு ஆயுள் குறைவு. சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடும் பழைய பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறுவது என்று அரசு முடிவெடுத்ததால், பன்னிரண்டாம் மாதம் இரண்டாம் தேதியோடு மெய்ஜி 5 முடிந்துபோயிற்று. மறுநாள் விடிந்தபோது 1873 ஜனவரி 1. பழைய முறையே நீடித்திருந்தால் அடுத்த வருஷத்தில் ஓர் அதிகமாதம் வந்திருக்கும். பதின்மூன்று மாதச் சம்பளம் கொடுக்க வேண்டிய அந்தச் செலவு மிச்சமானதும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். கஜானா அவ்வளவு காலியாக இருந்தது.

அப்படிப்பட்ட அரசு, அந்தக் குறைப்பட்ட வருஷத்துக்குள் செய்தவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நிலத்தை விற்கவும் வாங்கவும் இருந்த பழைய தடை நீங்கியது. எல்லாக் குழந்தைகளும், ஆண் பெண் வித்தியாசமில்லாமல், பள்ளிக்குப் போகவேண்டும் என்று நாடு தழுவிய கல்விச் சட்டம் வந்தது. சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி கல்வியின் தேவையைப் பற்றி எழுதிய நூலின் முதல் பகுதி வெளிவந்தது. அக்டோபர் 14-ஆம் தேதி டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே நாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. யோகோஹாமா துறைமுகத்தில் நின்ற மரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பலில் அடிமைகளைப் போல நடத்தப்பட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட சீனக் கூலிகளை ஜப்பானிய அதிகாரிகள் விடுவித்துச் சொந்த நாட்டுக்கு அனுப்பினார்கள். இலங்கைக்கும் மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் நம் ஆட்கள் கூலிகளாகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. இதைப் படிக்கும் தமிழர் எவரும் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கத்தான் செய்வார்.

நவம்பர் 4-ஆம் தேதி, பழைய பஞ்சாங்கத்தில் பத்தாம் மாதம் நான்காம் நாள், மலைகள் சூழ்ந்த குன்மா பகுதியில் டோமியோகா என்ற சிற்றூரில் அரசின் பட்டு நூற்பாலை வேலையைத் தொடங்கியது. வெள்ளைக்கூட்டின் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

அதே சமயம் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்றும் பார்த்துவிட வேண்டும். நம் பஞ்சாங்கத்தில் அது ஆங்கிரச வருஷம். இன்றைய தருமபுரி மாவட்டம் அன்று சென்னை மாகாணத்துச் சேலம் ஜில்லாவின் ஒரு பகுதி. பாரமகால் என்ற பழைய பெயரும் வழக்கிலிருந்து போகவில்லை. ரயில் நமக்குப் புதிதல்ல. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை 1862-லேயே பாதை முடிந்து, மொரப்பூர் வழியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டோக்கியோவுக்குப் பத்து வருஷம் முன்னதாகவே இந்த மாவட்டத்து மண் ரயிலைப் பார்த்துவிட்டது. ஆனால் தண்டவாளம் வந்த வழியே பள்ளிக்கூடம் வரவில்லை, தொழில் வரவில்லை. நான்கே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சேலம் ஜில்லாவில் அது எடுத்த உயிர்கள் ஏராளம். இயந்திரம் ஒன்று ஓர் ஊருக்கு வந்துவிட்டதாலேயே அந்த ஊர் முன்னேறிவிட்டது என்று நம்புகிறவர்கள் மொரப்பூரையும் டோமியோகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டோமியோகாவுக்குத் தேவை ஏற்பட்டதே ஒரு நோயால். 1850-களில் பிரான்சிலும் இத்தாலியிலும் பட்டுப்புழுக்களைப் பெப்ரின் என்ற தொற்று வாரிக்கொண்டு போனது. புழுவின் உடம்பில் மிளகுப்பொடி தூவியதுபோலக் கரும்புள்ளிகள். தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்கும் அது இறங்கும். லூயி பாஸ்டர் 1865-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் இதை ஆராய்ந்து, முட்டையிட்ட தாயை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிடும் முறையைச் சொன்னார். ஓசூரிலோ சேலத்திலோ மைசூரிலோ உங்களுக்கு ‘நோயற்ற முட்டைத் தொகுதி’ என்று தருகிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பது இன்றும் அந்தச் சோதனையின் அடிப்படைதான்.

பாஸ்டர் வழி கண்டுபிடிப்பதற்குள் ஐரோப்பிய வியாபாரிகள் நோயில்லாத முட்டைகளைத் தேடி யோகோஹாமாவில் வந்து இறங்கிவிட்டார்கள். காகித அட்டைகளில் அந்துப்பூச்சியை முட்டையிட வைத்து, அட்டை அட்டையாகக் கப்பலேற்றினார்கள். பட்டுநூலுக்கும் அதே கிராக்கி. கிராக்கி கூடினால் கலப்படமும் கூடும். கையால் சுற்றிய நூலில் கனம் ஓரிடம், மெலிவு ஓரிடம். ஜப்பான் பட்டு மட்டமானது என்ற பேச்சு வெளிநாட்டுச் சந்தைகளில் எழுந்தது. ஜப்பானுக்கு அன்று வெளிநாட்டுப் பணம் ஈட்டித்தரும் முதல் சரக்கே பட்டு. அந்தப் பெயர் கெட்டால் கப்பல் வாங்கவும் துப்பாக்கி வாங்கவும் தண்டவாளம் வாங்கவும் வழியில்லை.

அதனால்தான் ஒரு மாதிரி ஆலை. பால் புருனா என்ற பிரெஞ்சு நிபுணரை அமர்த்தினார்கள். சுமார் 140 மீட்டர் நீளத்தில் நூற்புக்கூடம், அதில் 300 நூற்புத் தொட்டிகள், நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரண்டு கூட்டுக் கிடங்குகள். மரச்சட்டத்துக்கு இடையே செங்கல் வைத்துக் கட்டினார்கள். செங்கல் என்றால் என்னவென்று அறியாத ஊரில் கூரை ஓடு சுடும் குயவர்களே அதைச் சுடக் கற்றார்கள். பிரான்சிலிருந்து நீராவி இயந்திரமும் நூற்புக் கருவிகளும் வந்தன. அவற்றை அப்படியே பூட்டிவிடவில்லை என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஜப்பானியப் பெண்களின் உயரத்துக்கு ஏற்பத் தொட்டியின் உயரம் மாற்றப்பட்டது. ஜப்பானின் ஈரக்காற்றில் நூல் பசையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், சின்னச் சுற்றியில் எடுத்த நூலைப் பெரிய சுற்றிக்கு மறுபடி மாற்றிச் சுற்றும் முறை சேர்க்கப்பட்டது. இந்த மறுசுற்றை நம் நாட்டு நூற்பு நிலையங்களிலும் இன்று காணலாம்.

ஆலை எழுந்தது. ஆள் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் குடிக்கும் சிவப்பு ஒயினைப் பார்த்துவிட்டு, பெண்பிள்ளைகளின் ரத்தத்தைப் பிழிந்து குடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. ஆலையின் முதல் மேலாளர் ஓடாகா அட்சுடாடா, சிறுமி என்றே சொல்லத்தக்க வயதிலிருந்த தன் மகள் யூவை முதல் தொழிலாளியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பிறகே மற்ற வீடுகளின் கதவு திறந்தது.

வந்தவர்களில் பலர் பழைய சாமுராய்க் குடும்பங்களின் பெண்கள். பிரெஞ்சுப் பெண்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கொதிநீரில் கிடக்கும் கூட்டின் நுனியிழையைக் கண்டெடுப்பது, நான்கைந்து இழைகளை ஒன்றாக்கி ஒரே கனத்தில் ஓட்டுவது, ஓர் இழை தீர்ந்ததும் நூலின் கனம் குறையுமுன் அடுத்த கூட்டின் இழையைத் தொடுப்பது. கண்ணும் விரலும் ஒன்றாக ஓடவேண்டிய வேலை. ஆரம்ப ஆண்டுகளில் வேலைநேரம் நாளுக்கு எட்டு மணியை ஒட்டி இருந்தது. ஞாயிறு விடுமுறை, தங்குமிடம், மருத்துவர் எல்லாம் உண்டு. 1873-இல் மாட்சுஷிரோ ஊரிலிருந்து தோழியரோடு வந்து சேர்ந்த யோகோட்டா எய் என்ற இளம்பெண், மறுவருஷமே ஊர் திரும்பி, டோமியோகாவைப் பார்த்துத் தனியார் தொடங்கிய நூற்பாலையில் மற்றவர்களுக்கு ஆசிரியையானார். வாடா எய் என்ற திருமணப் பெயரோடு முதுமையில் அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் இல்லையென்றால் அந்த ஆலையின் உள்வாழ்வு நமக்கு இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது.

டோமியோகா லாபம் கொழித்த ஆலை இல்லை. அரசு அதை 1893-இல் மிட்சுய் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆனால் அங்கே கற்ற பெண்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பி, ஊருக்கு ஊர் நூற்பாலை எழக் காரணமானார்கள். ஒரு நாடு தொழிற்கல்வியை எப்படிப் பரப்ப வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. டோமியோகாவின் எட்டு மணி நேரம் தனியார் ஆலைகளுக்குப் போகவில்லை. கோஃபு நகரத்து அமெமியா ஆலையில் 1886 ஜூனில் நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். ஜப்பானின் தொழிற்சாலை வேலைநிறுத்தங்களில் முதலாவதாக அதைத்தான் குறிக்கிறார்கள். சுவா ஏரிக்கரையில் ஓகாயா ஊரின் ஆலைகளுக்கு ஹிடா மலைப்பகுதியின் ஏழைப் பெண்பிள்ளைகள் நோமுகி கணவாயைப் பனியில் நடந்து கடந்து வந்தார்கள். பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் நீராவியில் நின்றார்கள். காசநோயோடு திரும்பியவர்கள் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. ஜப்பானின் போர்க்கப்பல்களுக்கும் ஆலைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதில் பெரும்பங்கு இந்தப் பெண்களின் விரல்களிலிருந்து வந்தது.

இத்தனையும் நூற்பு. கூடு இன்னும் இன்றைய உருவத்தை அடையவில்லை. அதைக் கொடுத்தவர் டோயாமா கமேடாரோ. மெண்டலின் மரபியல் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்துமா என்று உலகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பட்டுப்புழுவில் அதைச் சோதித்தவர். சயாம் நாட்டுக்கும் போய் வேலை செய்தார். இரண்டு தூய இனங்களைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை இரண்டு பெற்றோரையும்விடத் திடமாக வளர்ந்து பெரிய கூடு கட்டும், அதையே விவசாயிக்குக் கொடுங்கள் என்று 1906-இல் சொன்னார். 1914 வாக்கில் அரசே கலப்பின முட்டைகளை வழங்கத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சீனாவைத் தாண்டி ஜப்பான் உலகின் முதல் பட்டு ஏற்றுமதி நாடாகிவிட்டது. சீன வழி இனங்களின் கூடு முட்டை வடிவம். ஜப்பானிய வழி இனங்களின் கூடு நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரட்டைப் பருப்பு நிலக்கடலை போல இருக்கும். இரண்டும் கலந்த கலப்பினத்தின் கூட்டுக்கு இடுப்பு லேசாகத்தான் ஒடுங்கும். தருமபுரி அங்காடியில் கையில் எடுத்த வெள்ளைக்கூட்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நடுவில் அந்த ஒடுக்கம் தட்டுப்படும்.

இந்தப் புழுவுக்கு ஒரு குணம் உண்டு. வருஷத்துக்கு இரண்டு தலைமுறை, பிறகு குளிர்காலம் முழுக்க முட்டைக்குள் உறக்கம். ஜப்பானின் பனிக்கு ஏற்ற வாழ்க்கை அது. குளிர்காலமே இல்லாத ஊருக்குக் கொண்டுவந்தால் முட்டை விழிப்பதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குறிப்பிட்ட நேரம் நனைத்தும் குளிரறையில் வைத்தும் அதை எழுப்பும் வித்தையை ஜப்பானியர்களே கண்டுபிடித்தார்கள். அது இல்லையென்றால் தருமபுரியில் வெள்ளைக்கூடே இல்லை.

நம் பக்கத்துப் புழு வேறு வகை. மைசூர் நாட்டில் பட்டு வளர்ப்பை ஊன்றியவர் திப்பு சுல்தான். வங்காளத்திலிருந்து முட்டைகளை வரவழைத்தார். பாரமகாலும் அன்று அவர் ஆட்சியில்தான் இருந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி அது கம்பெனி கைக்குப் போயிற்று. மைசூர்ப் புழு உறங்காது. வருஷம் முழுக்கத் தலைமுறை தலைமுறையாகப் பொரிந்துகொண்டே இருக்கும். வெயிலைத் தாங்கும். ஆனால் அதன் பச்சை கலந்த மஞ்சள் கூட்டில் நூல் குறைவு, வலுவும் குறைவு.

ஜப்பானியக் கூட்டை இந்தியாவுக்குக் கொண்டுவரும் எண்ணம் பழையது. டோமியோகா விற்கப்பட்ட அதே 1893-இல் இரண்டு இந்தியர்கள் ஜப்பானில் இருந்தார்கள். ஒருவர் சிகாகோவுக்குப் போய்க்கொண்டிருந்த விவேகானந்தர். ஜூலை 10-ஆம் தேதி யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் ஜப்பானுக்குச் சென்று பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தைத் தெரிவித்தார். இன்னொருவர் ஜாம்செட்ஜி டாடா. இருவரும் யோகோஹாமாவிலிருந்து ஒரே கப்பலில் பசிபிக்கைக் கடந்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டாடா பெங்களூரு பசவனகுடியில் பட்டுப் பண்ணை ஒன்றை நிறுவினார். ஜப்பானியத் தம்பதியை வரவழைத்து, மல்பெரி வளர்ப்பிலிருந்து நூற்பு வரை ஜப்பானிய முறையைக் கற்பிக்கச் செய்தார். திவான் சேஷாத்ரி ஐயரின் மைசூர் அரசு நிலமும் மானியமும் கொடுத்தது. பெங்களூருவில் அந்த இடத்துக்கு இன்றும் டாடா சில்க் ஃபார்ம் என்றே பெயர். பெங்களூருவின் இதமான காற்றில் பிழைத்த முறை, மலையிறங்கித் தருமபுரியின் சித்திரை வெயிலுக்கு வர இன்னும் நூறு வருஷம் போல ஆயிற்று.

இடையில் வந்தது சமரசக் கூடு. மைசூர்த் தாய், ஜப்பானிய வழித் தந்தை. மஞ்சள் கூடுதான், ஆனால் முன்னதைவிடப் பெரியது. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்துக்குள் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் இருந்தன. மைசூர் எல்லையை ஒட்டிய அந்த மேட்டு நிலத்தில் பட்டு வளர்ப்பு வேரூன்றியது. 1979-இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழக அரசின் பட்டு வளர்ச்சித் துறை பிறந்தது. 1980-இல் வங்காளத்திலிருந்து கர்நாடகத்துக்குள் நுழைந்த ஊசி ஈ, புழுவின் மேல் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னும் அந்தப் பீடை, விவசாயிகளை வேறு பயிருக்கு விரட்டப் பார்த்தது. அதையும் வலை கட்டித் தாக்குப்பிடித்தார்கள். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஓசூர் அதோடு போய்விட்டது. தருமபுரியின் அங்காடியும் அதைச் சுற்றிய மல்பெரித் தோட்டங்களும் நின்றன.

ஜப்பானிலோ கதை முடிந்துகொண்டிருந்தது. 1929-இல் அங்கே 22 லட்சம் குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்தன. உலகப் பொருளாதார மந்தம், நைலான், போர், பிறகு நகரத்து வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இன்று இருநூறு குடும்பங்கள்கூட இல்லை. டோமியோகா 1987-இல் மூடப்பட்டது. 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தன் மண்ணில் வளர்ப்பவர் அருகிப்போன காலத்தில்தான் அந்த அறிவு இங்கே வந்தது. 1991-இலிருந்து 2007 வரை மூன்று கட்டங்களாக ஜப்பானின் ஜைக்கா அமைப்பும் மத்திய பட்டு வாரியமும் சேர்ந்து நடத்திய வெண்பட்டுத் திட்டம் மைசூர் ஆராய்ச்சி நிலையத்தை மையமாகக் கொண்டது. சி.எஸ்.ஆர்.2, சி.எஸ்.ஆர்.4 என்ற இனங்கள் பிறந்தன. வி-1 என்ற அகன்ற இலை மல்பெரி வந்தது. தனி வளர்ப்பு மனை, கிருமிநீக்கம், தட்டுக்குப் பதிலாக அடுக்குப் படுக்கையில் கிளையோடு இலை போடும் முறை எல்லாம் வந்தன. கடைசிக் கட்டத்தில் தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றின் விவசாயிகளிடமும் திட்டம் நேரடியாகப் போனது. இன்று தமிழகத்தில் விளையும் கூட்டில் பெரும்பகுதி வெள்ளை. இந்தியாவில் மற்ற மாநிலங்கள் இந்த விகிதத்துக்காக நம்மைப் பார்க்கின்றன.

இந்த வெற்றி வீட்டுக்குள் என்ன விலை கேட்கிறது என்பது புழு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். இளம்புழு வளர்ப்பு மையத்தில் முதல் இரண்டு பருவம் கழிந்து வரும் புழுவுக்கு 24-இலிருந்து 28 டிகிரிக்குள் வெப்பம் வேண்டும். வெளியே அனல் அடிக்கும்போது ஈரச்சாக்கு கட்டி, கூரையில் நீர் தெளித்து, உள்ளே அந்தக் குளுமையைக் காக்க வேண்டும். பால் நோயும் சுண்ணாம்புக்கட்டி நோயும் ஒரு ராத்திரியில் ஒரு மனையைக் காலி செய்யும். நான்கு தோலுரிப்பு, ஐந்து பருவம், முட்டை பொரிந்ததிலிருந்து இருபத்துமூன்று இருபத்தைந்து நாள். கடைசிப் பருவத்தில் மட்டும் மொத்தத் தீனியில் ஐந்தில் நான்கு பங்கைத் தின்றுவிடும். அந்த ஒரு வாரம் வீட்டில் தூக்கம் கிடையாது. இலை வெட்டுவது, போடுவது, கழிவு வாருவது, பழுத்த புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் விடுவது என்று முதுகொடியும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. 100 முட்டைத் தொகுதியில் நாற்பது ஐம்பதாயிரம் புழு. எல்லாம் கூடிவந்தால் 70, 80 கிலோ கூடு.

பிறகு அங்காடி. அங்கே விலையைத் தீர்மானிப்பது அந்தப் பெண்ணின் உழைப்பு மட்டுமில்லை. காஞ்சிபுரத்துப் பாவுக்கு வலுவான வெண்பட்டு நூல் வேண்டும். வெகுகாலம் அது சீனாவிலிருந்து வந்தது. 2011-12 மத்திய பட்ஜெட்டில் கச்சாப்பட்டு இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் தென்னாட்டில் கூட்டு விலை சரிந்தது. பிறகு வரியை 15 சதவீதமாக உயர்த்தினார்கள். டெல்லியில் ஒரு வரி, மாரண்டஅள்ளியில் ஒரு குடும்பத்தின் வருஷம்.

கூடு விற்கிறவர் கையில் நிற்பது கூட்டின் விலை மட்டுமே. ஒரு கிலோ கச்சாப்பட்டுக்கு ஆறரை, ஏழு கிலோ வெள்ளைக்கூடு போதும். நூலாக்குவதிலும் முறுக்குவதிலும் சாயமேற்றுவதிலும் நெய்வதிலும்தான் மதிப்பு ஏறுகிறது. தருமபுரி விவசாயிகளின் கூட்டில் கணிசமான பங்கு மூட்டையாகவே மாவட்ட எல்லையைத் தாண்டுகிறது. நல்ல விலை தேடி ராமநகரம் வரை கொண்டுபோகிறவர்களும் உண்டு. முட்டை வந்தது, மல்பெரி வந்தது, வளர்ப்பு முறை வந்தது. 1872-இல் டோமியோகாவில் தொடங்கிய நூற்புக் கல்வி மட்டும் இன்னும் முழுசாக இங்கே வந்து சேரவில்லை.

வரும்போது எது வரக்கூடாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கொதிநீரில் வெந்த விரல்களும் நாற்றமடிக்கும் கொட்டகையும் சுவா ஏரிக்கரையோடு முடிந்த கதை இல்லை. 2003-இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, கர்நாடகத்திலும் காஞ்சிபுரத்திலும் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றியது. தருமபுரிக்கு வேண்டியது அந்த வகை நூற்பு அல்ல.

பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் தானியங்கி இயந்திரங்களோடு நூற்புப் பயிற்சிக்கூடங்கள் வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே கூலி, எட்டு மணி நேரம், பேருந்து வசதி, மருத்துவம் எல்லாம் தர வேண்டும். கற்றுத் தேறிய பெண்கள் தங்கள் ஊரில் கூட்டாகச் சேர்ந்து நூற்பு அலகு தொடங்கக் கடன் வேண்டும். லாபக் கணக்கைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். காலியான கஜானாவை வைத்துக்கொண்டு ஓர் அரசு 1872-இல் செய்த செலவுதான் இது. பட்டு வளர்ச்சித் துறை இதைச் செய்ய வேண்டும். தருமபுரியின் சட்டமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியானாலும் இதைக் கேட்க வேண்டும். பட்டுப்புடவை வாங்கப் போகிற நீங்களும் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இந்தப் பாவு நூல் எந்த ஊர்க் கூட்டிலிருந்து வந்தது, யார் நூற்றது?